செவ்வரளி வாங்கித் தந்த தாவரவியல்

கல்லூரி முதல்வரின் அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் முதல்வர். இன்னொன்றில் தாவரவியல் துறைத் தலைவர். மூன்றாவது காலி. அதில் உட்காரச் சொல்லி முதல்வர் இரண்டு முறை கைகாட்டியும் என் அப்பா உட்காரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவர் நின்றதால் நானும் நின்றேன்.

முதல்வரின் மேஜையில் என் விண்ணப்பம் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தார். கல்லை நகர்த்திவிட்டு ஒரு வரியை விரலால் தொட்டார்.

"பி.எஸ்ஸி. தாவரவியல்னு எழுதியிருக்கே. ஏன் இந்தப் பாடம்?"

கேட்டது என்னை. பதில் சொன்னது அப்பா.

"பூ வந்துச்சிங்க."

"என்ன வந்தது?"

"பூவுங்க. செவப்பு."

துறைத் தலைவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். தாவரவியலில் சேர வந்தவர்களில் பூவைப் பற்றிப் பேசிய முதல் ஆள் என் அப்பாதான் போலிருக்கிறது.

எழுபதுகள் பிறந்த புதிது அது. பட்டப்படிப்புக்கு முந்தின ஒரு வருடப் படிப்பான புகுமுக வகுப்பை நான் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான். அப்பா எதற்காகப் பூவைப் பற்றிப் பேசினார் என்று சொல்வதற்கு முன், ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வாசகரின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். "முப்பது வருடம் பள்ளியில் தாவரவியல் நடத்தியிருக்கிறீர்கள். செடிகொடிகள் மேல் உங்களுக்கு இவ்வளவு ஈடுபாடு எந்த வயதில் தோன்றியது?"

இருபத்தைந்து வயதுக்கு மேல். அதாவது, வேலையில் சேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் செடிகொடிகள் எனக்கு ஒரு நல்லதும் செய்ததில்லை. நானும் அவற்றைப் பற்றி நல்லபடியாக நினைத்ததில்லை.

ஒருவர் எடுக்கும் பாடத்துக்கும் அவருடைய விருப்பத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அந்த அன்பர் நம்புகிறார். நல்ல மனசு. எங்கள் புகுமுக வகுப்பில் அவர் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் அந்த நம்பிக்கை போயிருக்கும்.

வெள்ளைக் கோட்டும் கிணற்று வாளியும்

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோதி வேதியியல் எடுத்தாள். காரணம், வெள்ளைக் கோட்டு. ஆய்வுக்கூடத்துக்குக் கோட்டு வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே அவள் அம்மா துணி எடுத்துத் தைத்துவிட்டார். அப்புறம் ஜோதிக்குப் பொருளாதாரம் படிக்க ஆசை வந்தது. தைத்த கோட்டை என்ன செய்வது? கோட்டுக்காக வேதியியல் எடுத்தாள். முதல் வாரமே அமிலம் தெறித்து முன்பக்கத்தில் ஐந்து ஓட்டைகள் விழுந்தன. "துணியக் கெடுக்கறதுக்கு இன்னாத்துக்குடி ஒரு படிப்பு?" என்று அவள் அம்மா கேட்டார்.

இரண்டு நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு இயற்பியல் எடுத்தார்கள். பிரிய முடியாத சிநேகம். கடைசி நாளில் ஒருவன் பயந்துபோய் வணிகவியலுக்கு மாறிவிட்டான். மாறியதை மற்றவனிடம் சொல்ல மறந்துவிட்டான். மற்றவன் மூன்று வருடம் தனியாக இயற்பியல் படித்தான்.

எங்கள் வகுப்புத் தாமோதரனின் வீடு திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கட்டில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒருநாள் கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுந்துவிட்டது. அதைக் குடியிருந்த வெள்ளைக்காரருக்குப் புரியவைக்க வேண்டும். தாமோதரனின் அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டு கயிற்றைப் போலக் கையை ஆட்டினார். வாளியைப் போல உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். வெள்ளைக்காரர் இது ஏதோ வழிபாடு என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தாமோதரன் ஆங்கில இலக்கியம் படிப்பதென்று முடிவாயிற்று. மூன்று வருடம் கழித்து, சில நூறு வருடங்களுக்கு முன் சீமையில் காதலர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாளியைப் பற்றி எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதற்குள் அந்த வெள்ளைக்காரரே தமிழ் கற்றுக்கொண்டு, "கயிறு வீக்கா கீது" என்று எச்சரிக்கை செய்யும் அளவுக்கு வந்துவிட்டார்.

இவர்களையெல்லாம் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை கிடையாது. என் காரணம் இவர்களுடையதைவிட உயர்ந்ததல்ல.

மூன்று மணி நேரம்

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடக்கிற தூரத்தில் இருந்தது. மானாவாரி நிலம். நிலக்கடலைதான் பிரதானம். எங்கள் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

மல்லாட்டை சாப்பிட நன்றாக இருக்கும். விதைக்கு உரித்துப் பார்த்தவர்களுக்கு அதுவும் நன்றாக இருக்காது. விதைப் பருப்பில் கீறல் விழக்கூடாது, தோல் உரியக்கூடாது, மூக்கு உடையக்கூடாது. அதனால் இயந்திரம் உதவாது. ஒவ்வொரு காயாகக் கட்டை விரலால் அழுத்தி உடைக்க வேண்டும். ஒரு மூட்டை உரித்து முடிப்பதற்குள் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் ஒரு வலி குடிவந்துவிடும். அப்புறம் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது அது தன் பெயரைச் சொல்லும். மழைக்கு முன்னால், ஆனி மாதத்தில், வீட்டில் இருக்கிற பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். கல்லூரிகள் திறப்பதும் அதே சமயத்தில்தான்.

கல்லூரியில் இரண்டு வகைப் பாடங்கள் உண்டு என்று துறைத் தலைவர்கள் சொல்வார்கள்: கலை, அறிவியல். எனக்குத் தெரிந்து இருந்த இரண்டு வகை வேறு. ஒன்றரை மணிக்கு விடும் பாடங்கள், நாலரை மணிக்கு விடும் பாடங்கள். வரலாறு, பொருளாதாரம், கணக்கு எல்லாம் ஒன்றரை. செய்முறை வகுப்பு உள்ள பாடங்கள் நாலரை.

ஒன்றரைக்கு விட்டால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். விளக்கு வைக்கும்வரை மல்லாட்டை. நாலரைக்கு விட்டால் வீடு வந்து சேர ஆறு. முகம் கழுவினால் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும்.

புகுமுக வகுப்பில் வாரத்துக்கு இரண்டு நாள் செய்முறை இருந்தது. அந்த இரண்டு மதியங்களில் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, ஒரு இலையைப் பார்த்து இன்னொரு இலையை வரைந்துகொண்டிருந்தேன். வெளியே மலை தெரிந்தது. எனக்கு அப்படியே அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். வாரம் ஐந்து மதியங்களும் எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் மதிப்பெண் போதவில்லை. விலங்கியலில் தவளையை அறுக்க வேண்டும். மிஞ்சியது தாவரவியல். அன்பரே, ஈடுபாடு தோன்றிய கதை இதுதான்.

அப்பாவின் வரலாறு

அப்பா வரலாறு எடுக்கச் சொன்னார். அவரும் வரலாற்று ஆர்வலர் அல்ல.

"ராஜாங்க கதைதானம்மா. மத்தியானத்தோட வுட்டுடுவாங்க. வெளிச்சம் இருக்கும்போதே வூட்டுக்கு வந்துடலாம். உங்கம்மாவுக்கும் ஒரு கை ஒத்தாசையா இருக்கும்."

"எனக்கு ராஜாங்க பேரு மனசுல நிக்காதுப்பா."

"செடி பேரு மட்டும் நிக்குமா?"

நான்கு நாட்கள் இப்படியே போயின. அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினே இருந்தா வெத யாரு உரிக்கறது?" என்று மட்டும் கேட்டார். கேட்டுக்கொண்டே உரித்தார்.

என் தங்கை வள்ளி அப்போது கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பில் என்னைவிடக் கெட்டி. கல்லூரிக்குப் போனால் கணக்குதான் எடுப்பது என்று எட்டாவதிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"ஏன்டி கணக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மத்த பாடம்லாம் வாத்தியார் திருத்தித் தந்தாத்தான் சரியா தப்பான்னு தெரியும். கணக்குல நமக்கே தெரிஞ்சிடும்க்கா."

எங்கள் காலத்தில் நான் கேட்டவற்றில், பாடத்துக்குச் சம்பந்தமுள்ள காரணம் அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் அப்பா சொன்னார்: "நானும் பேச வாணாம், நீயும் பேச வாணாம். பூ கட்டிப் பாத்துடலாம்."

அடி அண்ணாமலைப் பிள்ளையார்

எங்கள் பக்கத்தில் முடிவு எடுக்க முடியாத விஷயங்களைச் சாமியிடம் விட்டுவிடுவார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து நாரால் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி சாமி முன்னால் போடுவார்கள். ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் வாக்கு. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா, மாட்டை விற்கலாமா என்று எல்லாவற்றையும் இப்படிக் கேட்டிருக்கிறோம். பட்டப்படிப்பைப் பற்றிப் பிள்ளையாரிடம் கேட்டது எங்கள் வகையறாவில் அதுதான் முதல் தடவை.

அப்பாவின் அக்கா அடி அண்ணாமலையில் இருந்தார். அவர் வீட்டு எதிரில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அப்பா, நான், வள்ளி மூவரும் போனோம். வெள்ளை வந்தால் வரலாறு, சிவப்பு வந்தால் தாவரவியல் என்று அப்பா பிள்ளையாரிடம் சத்தமாகச் சொல்லி உறுதி செய்துகொண்டார்.

அத்தை பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். "எங்கையி வெல்லப் பிசுக்கா இருக்குது. நீங்களே மடிச்சி எடுத்துனு வாங்கடி" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வேலியோரத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. நான் நியாயமாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்தேன். கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளைவெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதை வள்ளியின் சடையில் செருகினேன். அரளியில் இரண்டு பூக்களைப் பறித்து, பூவரச இலைகளில் தனித்தனியாக மடித்துக் கட்டினேன்.

வள்ளி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ரெண்டும் செவப்பா?"

"வாய மூடு."

"புள்ளையாருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரிஞ்சா பரவால்ல. அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

அவள் சடையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். "சரி" என்றாள்.

பொட்டலங்களைச் சாமி முன்னால் போட்டதும் அப்பா, "சின்னவ எடுக்கட்டும்" என்றார். வள்ளி கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். ஒரு பொட்டலத்தைத் தொடப்போனாள், கையை இழுத்துக்கொண்டாள். இன்னொன்றைத் தொட்டாள், அதையும் விட்டாள். நிஜமாகவே இரண்டுக்கும் வித்தியாசம் இருந்திருந்தால்கூட யாரும் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். கடைசியில் முதலில் தொடப்போனதையே எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா நாரை அவிழ்த்தார். செவ்வரளி.

அவர் பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொல்லிடுச்சி" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வரலாறு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வரலாறு வள்ளியின் சடையில் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அத்தைதான் வம்பு செய்தார். "அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சிப் பாரு தம்பி" என்றார்.

வள்ளி சட்டென்று அதை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு, "ஒண்ண பிரிச்சிட்டா இன்னொண்ண பிரிக்கவே கூடாது அத்தே. சாமி வார்த்தைய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். தண்ணில வுட்டுடணும்" என்றாள்.

"யாரு சொன்னாங்க?"

"எங்க பள்ளிக்கூடத்துல."

பள்ளிக்கூடம் என்றதும் அத்தை ஒத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தெருவில் யார் பூ கட்டிப் பார்த்தாலும், இரண்டாவது பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று அத்தையே முன்னால் நின்று தடுத்தாராம். இப்போது அது அந்தத் தெருவின் பழைய வழக்கமாகிவிட்டது என்று கேள்வி.

மறுபடியும் முதல்வர் அறை

இதில் என் திருட்டைத் தவிர மற்றதை எல்லாம் அப்பா முதல்வரிடம் சொல்லி முடித்தார்.

முதல்வர் பொறுமையானவர். "பெரியவரே, தாவரவியல்ல இருக்கறது ரெண்டே இடம். செய்முறை முடிய நாலரை ஆகும். பொம்பளப் புள்ள, கிராமத்துல இருந்து வருது. வரலாறுல இடம் தாராளமா இருக்கு. மத்தியானத்தோட முடிஞ்சிடும். அதுல போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

நான்கு நாட்களாக அப்பா என்னிடம் சொன்னது வரிக்கு வரி இதைத்தான். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

"நானும் அதத்தாங்க சொன்னேன்" என்றார் அப்பா. "சாமி ஒத்துக்கல. அப்பறம் நான் யாருங்க, நீங்க யாரு? இருட்டுனா இன்னா, நான் ரோட்டுல போயி நின்னு இட்டாறேன். அதே பாடத்துல போடுங்க."

தன்னைத் தோற்கடித்த கட்சிக்காக என் அப்பா வாதாடிக்கொண்டிருந்தார். பொட்டலத்தில் கட்டிய பொய்யைத் தலைமேல் வைத்துக்கொண்டு வாதாடினார். எனக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கும் அளவுக்கு வெட்கமாக இல்லை.

துறைத் தலைவர் அப்பாவைக் கேட்டார்: "நிலத்துல என்ன போடுறீங்க?"

"மல்லாட்டைங்க."

என் பக்கம் திரும்பினார். "பூ செடி மேல பூக்குது. காய் எப்படிம்மா மண்ணுக்குள்ள போச்சு?"

"பூ உதுந்ததும் அடியில இருந்து ஊசி மாதிரி விழுது எறங்கும் சார். மண்ணுக்குள்ள போனாத்தான் காய் புடிக்கும். மண்ணு எறுகிப் போயிருந்தா எறங்காது. அதுக்குத்தான் களவெட்டி மண்ணு அணைக்கறது."

அவர் முதல்வரைப் பார்த்து, "போன வருஷம் இதையே மூணாம் வருஷத்துப் பசங்ககிட்ட கேட்டேன் சார்" என்றார். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்லவில்லை. "சேத்துக்கலாம்" என்றார்.

முதல்வர் ஒரு தாளை நீட்டினார். நாலரை மணிவரை மாணவி செய்முறை வகுப்பில் இருப்பாள், வீட்டு வேலைக்காக நடுவில் அழைத்துப் போக மாட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

வெங்காயம்

முதல் வாரச் செய்முறையில் வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தோம். செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதை வரைந்து பெயர் குறித்தேன். அப்படி ஒரு நிம்மதியான மதியம்.

ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனபோது வள்ளி அம்மாவின் எதிரில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் ஒரு நாள் முழுக்க உரித்த அளவுக்குத் தோல் குவிந்திருந்தது. அன்று பள்ளிக்கூடம் விடுமுறையா என்று கேட்டேன்.

"இல்லடி" என்றார் அம்மா. "மழ வர்ற மாதிரி இருக்குது. நான் ஒருத்தியே எத்தினி மூட்டைய உரிப்பேன்? ஒரு மாசம் லீவு போட்டுக்கட்டும்னு உங்கப்பா சொல்லிட்டாரு."

"ஒரு மாசம்தான்" என்றார் அப்பா. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

நான் கேட்ட மூன்று மணி நேரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பிள்ளையார் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.

வள்ளி கட்டை விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"இன்னிக்கி லேப்புல இன்னாக்கா பாத்தீங்க?"

"வெங்காயம்."

"வெங்காயத்தையா? மத்தியானம் பூராவா?"

"ஆமா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

விதைப்பு முடிந்தது. பிறகு களைவெட்டு வந்தது. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. களைவெட்டுக்குப் பிறகு அறுப்பு. அதற்குள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வள்ளியின் பெயரை அடித்துவிட்டார்கள். அவளுடைய கணக்குப் புத்தகத்தை யாரோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த தையில் அத்தை மகனுக்கும் அவளுக்கும் கல்யாணம்.

அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'ரெண்டும் செவப்புப்பா.' பூவும் செல்லாது, அதை நம்பி எடுத்த பாடமும் செல்லாது. நான் வரலாற்றுக்கு மாறியிருப்பேன், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பேன், அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள். தினமும் பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இறங்கி நடக்கும் இரண்டு மைலில் அந்த எண்ணம் தேய்ந்துபோகும். சொல்லவில்லை. மூன்று வருடம் சொல்லவில்லை.

வள்ளியும் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை.

சுமதியின் விண்ணப்பம்

எண்பதுகள் தீரப்போகிற சமயம். நான் திருவண்ணாமலையிலேயே பள்ளிக்கூட ஆசிரியை ஆகி, வாடகைக்கு வீடு பிடித்து இருந்தேன். வள்ளியும் அவள் மகள் சுமதியும் ஒருநாள் காலையில் வந்தார்கள். சுமதி பன்னிரண்டாவது தேறியிருந்தாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண்.

அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையில் வள்ளிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் கடை இருந்தது. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தியாகிக்கொண்டிருந்த காலம். கற்பூரம், எலுமிச்சம்பழம், சோடா என்று நாள் முழுக்க வேலை இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தை மடிக்காமல், நனையாமல், கடைத் துணிப்பையில் அட்டை வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"நீயே எழுதுக்கா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதினேன். விருப்பப் பாடம் என்ற கட்டம் வந்தது. "என்ன பாடம்டி எழுதட்டும்?" என்று சுமதியைக் கேட்டேன்.

"எதுன்னாலும் சரி பெரிம்மா" என்றாள் அவள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு.

பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் இருந்ததை அன்றைக்கு இறக்கிவைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. "கணக்கு எழுதட்டுமா வள்ளி? உனக்குப் புடிச்ச பாடமாச்சே. இவளும் நல்லா மார்க்கு வாங்கியிருக்கா" என்றேன்.

வள்ளியின் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. பிறகு கேட்டாள்.

"கணக்கு எத்தினி மணிக்கு வுடுவாங்க?"

"ஒண்ணரைக்கு."

"அப்ப வாணாம்."

அவள் என்னைக் குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சாமான் வாங்க வந்தவளைப்போல், ஆற அமர, இன்னொரு தடவை சொன்னாள்.

"நாலரைக்கு வுடறது எதுவோ அத எழுதுக்கா. இவ மத்தியானத்துல வூட்ல இருந்தா, என் வாயி சும்மா இருக்காது. கூப்புட்டுடுவேன்."